கீழ்ப்பழனியின் கறுப்புப் பட்டாம்பூச்சியும் அதன் மூன்று பெண்களும்

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, மங்களம்கொம்பு பக்கம் காப்பித் தோட்டத்துக்குள் நடந்தவர்கள் யாரும் இந்தப் பூச்சியைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. இறக்கையை விரித்தால் 9 முதல் 10 செ.மீ. அகலம் இருக்கும். நல்ல கறுப்பு. பின்னிறக்கையின் குறுக்கே வரிசையாக வெள்ளைப் பொட்டுகள், இறக்கை முடியும் இடத்தில் பக்கத்துக்கு ஒரு சின்ன வால். உண்ணிச்செடிப் பூவில் தேன் குடிக்கும்போதுகூட இறக்கையை மடக்காது, படபடவென்று அடித்துக்கொண்டே குடித்துவிட்டு அடுத்த பூவுக்குப் போய்விடும். பெயரைக் கேட்டால் ஊரில் கறுப்புப் பட்டாம்பூச்சி என்பார்கள், அதோடு சரி. ஆர்வலர்கள் காமன் மார்மன் என்கிறார்கள். தமிழில் கறிவேப்பிலை அழகி என்ற பெயரும் இப்போது புழக்கத்துக்கு வந்திருக்கிறது. அறிவியல் பெயர் பாப்பிலியோ பாலிட்டஸ்.

அரிய பூச்சிகளைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நம் மலைக்கே உரிய இனங்கள் என்றால் படம் எடுக்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். கறிவேப்பிலைச் செடி இருக்கும் எல்லா வீட்டுக் கொல்லைக்கும் வந்துபோகும் இந்தப் பூச்சியை யாரும் நின்று பார்ப்பதில்லை. அந்தக் குறை எனக்கு ரொம்ப நாளாக உண்டு. ஏனென்றால் இதை எந்த இனத்தில் சேர்ப்பது என்று முடிவுசெய்யவே இயற்கையியலாளர்களுக்கு நூறு வருடத்துக்கும் மேல் பிடித்தது. அந்த வழக்கு எப்படித் தீர்ந்தது என்பதை நம் ஆரஞ்சு மரத்தடியில் உட்கார்ந்தே பார்த்துவிடலாம்.

மேலே நான் சொன்ன அடையாளம் ஆணுக்குத்தான் முழுக்கப் பொருந்தும். பெண்ணில் மூன்று வகை உண்டு. முதல் வகை கிட்டத்தட்ட ஆண் மாதிரியே இருக்கும், பின்னிறக்கையின் ஓரத்தில் கொஞ்சம் சிவப்புப் பிறை தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம். இதற்கு சைரஸ் வடிவம் என்று பெயர். இரண்டாவது ஸ்டிக்கியஸ். பின்னிறக்கையின் நடுவில் வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சிவப்புப் பிறைகள். காமன் ரோஸ் என்ற வேறொரு பட்டாம்பூச்சியை அப்படியே உரித்துவைத்தது. மூன்றாவது ரோமுலஸ். முன்னிறக்கையில் மங்கிய வெள்ளைப் பட்டைகள், பின்னிறக்கை நிறையச் சிவப்புப் பொட்டுகள். இது கிரிம்சன் ரோஸ் என்ற இன்னொரு பட்டாம்பூச்சியின் வேஷம். மூன்றையும் ஆணோடு சேர்த்து ஒரு மேஜையில் வைத்தால், விவரம் தெரியாதவர்கள் குறைந்தது மூன்று இனம் என்றுதான் சொல்வார்கள்.

எங்கள் பெரியம்மாவும் அப்படித்தான் பிரித்துவைத்திருந்தார். தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டே ஒருநாள் சொன்னார்: "வெள்ளப் பொட்டு வச்சது வீட்டுப் பூச்சிப்பா, கருவேப்பிலைக்கு வர்றது. செகப்புப் பொட்டு வச்சது காட்டுப் பூச்சி. அது ஒண்ணும் பண்ணாது, சும்மா மெதுவாப் போகும்." நிறத்தைப் பார்த்தார், எந்தச் செடிக்கு வருகிறது என்று பார்த்தார், பறக்கிற வேகத்தையும் கவனித்திருந்தார். ஐரோப்பாவில் உலர்ந்த மாதிரிகளை மட்டும் வைத்துக்கொண்டு பிரித்தவர்களிடம் இதில் முதலாவது மட்டும்தான் இருந்தது.

1758இல் வெளிவந்த சிஸ்டமா நேச்சுரேயின் 10ஆம் பதிப்பில்தான் ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் விலங்குகளுக்கு இரட்டைப் பெயரிடும் முறையை, அதாவது பேரினப்பெயரும் இனப்பெயரும் சேர்த்து எழுதுவதை, முழுமையாகப் பயன்படுத்தினார். அன்றைக்கு எல்லாப் பட்டாம்பூச்சிகளுமே அவருக்கு பாப்பிலியோதான், தனித்தனிப் பேரினங்கள் பின்னால் வந்தவை. பெரிய, வாலுள்ள பூச்சிகளுக்கு டிராய் யுத்தத்து வீரர்களின் பெயர்களை அள்ளி வைத்தார். நம் பூச்சியின் ஆணுக்கு பம்மான், பெண்ணுக்கு பாலிட்டஸ் என்று இரண்டு இனங்களாகவே பதிவானது. கிரிம்சன் ரோஸுக்கு அவர் வைத்த பெயர் ஹெக்டர். மூன்று பேருமே டிராய் மன்னன் பிரியாமின் பிள்ளைகள். வேஷம் போடுகிறதையும் அந்த வேஷத்துக்கு மூலமானதையும் ஒரே அரண்மனைப் பிள்ளைகளாக்கியது தற்செயல்தான், ஆனால் எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கும். பிறகு 1775இல் டச்சுக்காரரான பீட்டர் கிராமர் இன்னொரு பெண் வடிவத்துக்கு ரோமுலஸ் என்று பெயர் வைத்தார். ஆக ஒரே பூச்சிக்கு மூன்று இனப்பெயர்.

இதை ஒன்றாகச் சேர்த்தவர்களில் முக்கியமானவர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ். 1854 முதல் 1862 வரை மலாய்த் தீவுகளில் அலைந்து சேகரித்தவர். ஊர் திரும்பிய பிறகு 1865இல் வெளிவந்த நீண்ட கட்டுரையில் நம் பூச்சியும் சேர்ந்த வாலழகிக் குடும்பத்தில் அந்தப் பகுதிக்காரர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஓர் இனத்துக்குள்ளேயே ஒன்றுக்கொன்று ஒட்டாத பல பெண் வடிவங்கள் இருக்க முடியும் என்று காட்டினார். இடைப்பட்ட வடிவங்கள் இல்லாமல், ஒரே காட்டில், ஒரே ஆணுக்கு இரண்டு மூன்று விதமான பெண்கள். அதற்குச் சில வருடம் முன்பு 1862இல்தான் அமேசானில் வேலை செய்த ஹென்றி பேட்ஸ், பறவைகள் ஒதுக்கும் பூச்சிகளைப் போல ருசியான பூச்சிகள் உருவம் கொள்வதை எழுதியிருந்தார். வாலஸ் அந்த விளக்கத்தைக் கையோடு எடுத்துவந்து இங்கே பொருத்தினார். பெண் ஏன் இப்படி மாறியது என்பதற்கு அவர் சொன்ன காரணம் இன்றைக்கும் நிற்கிறது. வயிறு நிறைய முட்டையோடு மெதுவாகப் பறக்க வேண்டும், செடி செடியாக இறங்கி இறங்கி ஏற வேண்டும். பறவைக்கு மாட்டிக்கொள்ள அவளுக்குத்தான் வாய்ப்பு அதிகம்.

என்றாலும் வாலஸ் சொன்னது வாதம்தான். கண்ணால் பார்த்த சாட்சி வேண்டும் என்றால் முட்டையிலிருந்து வளர்த்தாக வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிரையர் என்பவர் இலங்கையில் இந்தப் பூச்சிகளை வம்சம் வம்சமாக வளர்த்து, எந்தத் தாய்க்கு எந்த மகள் பிறக்கிறாள் என்று குறித்துவைத்தார். 1972இல் கிளார்க், ஷெப்பர்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதை விரிவாக்கி மரபியல் கணக்கைத் தெளிவாக்கினார்கள். வேஷத்துக்கான மரபணு ஓங்கி நிற்கும், ஆண் மாதிரியான சைரஸ் வடிவம் ஒடுங்கி நிற்கும். ஆணும் அந்த மரபணுவைச் சுமக்கிறது, ஆனால் இறக்கையில் காட்டுவதில்லை. மகனுக்கும் மகளுக்கும் கொடுத்துவிட்டுப் போகிறது, மகளின் இறக்கையில் மட்டும் அது தெரியும்.

2014இல் பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்த கிருஷ்ணமேக் குண்ட்டேயும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து நேச்சர் இதழில் அந்த மரபணு எது என்று எழுதினார்கள். டபுள்செக்ஸ். பூச்சிகளில் ஆண் உடலா பெண் உடலா என்று தீர்மானிக்கும் அடிப்படையான மரபணு அது. இவ்வளவு சிக்கலான ஒப்பனைக்குப் பல மரபணுக்கள் பக்கத்துப் பக்கத்தில் கட்டுண்டு கிடக்க வேண்டும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். ஒன்றே ஒன்று போதுமாக இருந்திருக்கிறது. அந்த மரபணு இருக்கும் துண்டு குரோமோசோமில் தலைகீழாகத் திரும்பியிருப்பதால் வேஷமுள்ள வடிவமும் வேஷமில்லாத வடிவமும் ஒன்றோடொன்று கலந்து குழம்புவதில்லை. அரை வேஷம் போட்ட பெண் ஏன் கண்ணில் படுவதில்லை என்பதற்கு இதுதான் விடை.

படித்துத் தெரிந்துகொள்வது ஒன்று. பின்கட்டில் நடப்பதைப் பார்ப்பது எனக்கு அதைவிடப் பெரிது.

முட்டையிட வரும் பெண்ணைப் பார்த்தால் உடனே தெரியும். பூவைச் சட்டை செய்யாது. நாரத்தை, எலுமிச்சை, கமலா ஆரஞ்சு, கறிவேப்பிலை, வில்வம் என்று ஒரே குடும்பத்துச் செடிகளாகத் தேடி வரும். நம் கண்ணுக்குக் கறிவேப்பிலையும் ஆரஞ்சும் சொந்தமாகத் தெரியாது, அதற்குத் தெரியும். தளிரில் வந்து இறங்கும், இறக்கை அடிப்பதை நிறுத்தாது, முன்கால்களால் இலையைப் படபடவென்று தட்டும். அந்தக் கால்களில்தான் அதற்கு ருசி. இலைச்சாற்றின் வேதிப்பொருள்களைக் காலாலேயே சோதித்துப் பார்த்துத் திருப்தி என்றால் வயிற்றை வளைத்து ஒரே ஒரு முட்டை. வெளிர் மஞ்சளில், கடுகைவிடச் சின்னதாக, வழவழவென்று உருண்டையாக இருக்கும். இட்டதும் எழும்பி அடுத்த செடிக்குப் போய்விடும். வெள்ளைப் பொட்டு வைத்தது வந்து இட்ட அதே நாரத்தைக் கிளையில் சிவப்புப் பொட்டு வைத்ததும் வந்து தட்டிப் பார்த்து முட்டையிட்டதை ஒரு ஐப்பசி மழை ஓய்ந்த காலையில் பெரியம்மாவுக்குக் காட்டினேன். அவர் களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு நின்று பார்த்தார். "அட, அப்ப இதுவும் அதுதானா?" என்றார்.

முட்டை பொரித்த புதிதில் புழு பழுப்பும் வெள்ளையுமாக இருக்கும். இலையின் மேற்பக்கத்தில் வெளிப்படையாகவே கிடக்கும், யாரும் காக்கை எச்சம் என்றுதான் விட்டுவிடுவார்கள். நான்கு முறை தோல் உரித்து ஐந்தாம் பருவத்துக்கு வந்தால் ஆளே மாறிவிடும். பளிச்சென்ற பச்சை, குறுக்கே சாய்வாகப் பழுப்புப் பட்டை, முன்பக்கம் கண் மாதிரி இரண்டு பொட்டு. விரலால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக ஈரமாக இரண்டு கொம்பு வெளியே வரும். கூடவே அழுகிய பழ வாடை. எறும்பை விரட்ட அதற்கு இருக்கும் ஆயுதம் இந்த அமில வாடைதான். உலகத்தில் வாலழகிக் குடும்பம் முழுக்க, பாப்பிலியோனிடே என்று நூல்களில் வரும் குடும்பம் முழுக்க, புழுக்களுக்கு இந்தக் கொம்பு உண்டு. மற்றப் பட்டாம்பூச்சிக் குடும்பங்களில் கிடையாது. வால் இருக்கிறதா என்று பார்த்துக் குடும்பத்தைச் சொல்ல முடியாது, இந்தக் குடும்பத்திலேயே வாலில்லாதவை நிறைய. நம் மலையின் நீல மார்மனுக்கும் எலுமிச்சைப் பூச்சிக்கும் வாலே இல்லை. ஆனால் புழுவின் கொம்பு பொய் சொல்லாது.

கூட்டுப்புழு ஆகும்போது வாலை ஒரு பட்டுப் பொதியில் ஊன்றிக்கொண்டு, நடு உடம்பைச் சுற்றி ஒரு நூலைக் கட்டிக்கொள்ளும். மரம் ஏறுகிறவர் இடுப்புக் கயிற்றில் சாய்ந்து நிற்பதைப் போலத் தலைநிமிர்ந்து சாய்ந்திருக்கும். பச்சைக் கிளை என்றால் பச்சைக் கூடு, காய்ந்த குச்சி என்றால் பழுப்புக் கூடு. சித்தி மகளும் நானும் ஒரே செடியில் எடுத்த புழுக்களைக் கொசுவலை கட்டிய டப்பாவில் வைத்து நாரத்தை இலை போட்டு வளர்த்தோம். புழுவில் எது ஆண், எது எந்த வடிவப் பெண் என்று எங்களால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. எல்லாம் ஒரே பச்சை, ஒரே பட்டை, ஒரே கொம்பு. வெளியே வந்தவற்றில் ஆணும் இருந்தது, ரோமுலஸ் பெண்ணும் இருந்தது. கூட்டைப் பிளந்து வந்ததும் இறக்கை ஈரத்துணியாகக் கசங்கித் தொங்கியது, கொஞ்ச நேரத்தில் விறைத்து, சிவப்புப் பொட்டு ஒவ்வொன்றாக விரிந்து தெரிந்தது. "அண்ணே, இதோட அம்மா யாரு?" என்று அவள் கேட்ட கேள்விக்குத்தான் ஃபிரையர் இலங்கையில் உட்கார்ந்து விடை தேடினார்.

இப்போது கிரிம்சன் ரோஸுக்கு வருகிறேன். இதுவும் அதே வாலழகிக் குடும்பம்தான், ஆனால் கிளை வேறு. பாலிட்டஸ் பாப்பிலியோனினி என்ற கிளை, கிரிம்சன் ரோஸும் காமன் ரோஸும் டிராய்டினி என்ற கிளை. நம் தென்னிந்தியப் பொன்னழகியும் அந்த இரண்டாவது கிளைக்காரிதான். இறக்கையைப் பார்த்தால் ரோமுலஸ் பெண்ணும் கிரிம்சன் ரோஸும் கூடப்பிறந்தவை போல இருக்கும், உறவைப் பார்த்தால் ரோமுலஸுக்கு எலுமிச்சைப் பூச்சிதான் இன்னும் நெருக்கம். டிராய்டினிகள் நாரத்தைப் பக்கமே போகாது. அவற்றின் புழுக்களுக்கு ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலிக்கொடியும் அந்தக் குடும்பத்துச் செடிகளும்தான் உணவு. ஆடுகூடத் தின்னாத அந்தக் கசப்பில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. புழு அதைத் தின்று உடம்பில் சேர்த்துவைத்துக்கொள்ளும், பட்டாம்பூச்சி ஆன பிறகும் அது உடம்பில் இருக்கும். ஒருமுறை கொத்திய பறவை அந்தச் சிவப்புப் பொட்டை மறக்காது. அதனால்தான் கிரிம்சன் ரோஸ் அவசரமே இல்லாமல் பறக்கிறது. வேஷம் போட்ட பாலிட்டஸ் பெண்ணும் அந்த நடையைக் கற்றுக்கொண்டதைப் போல மெதுவாகவே பறக்கும். பெரியம்மா சொன்ன 'சும்மா மெதுவாப் போகும்' இரண்டுக்கும் பொருந்தும்.

பிரித்துப் பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. இறக்கையை விட்டுவிட்டு உடம்பைப் பாருங்கள். ரோஸ்களின் உடம்பு ரத்தச் சிவப்பாக இருக்கும். பாலிட்டஸ் பெண் எந்த வேஷத்தில் இருந்தாலும் உடம்பு கறுப்புத்தான். அந்த ஒரு இடத்தில் மட்டும் வேஷம் கலைந்துவிடும்.

ரோமுலஸ் வடிவம் பெரும்பாலும் இந்தியாவிலும் இலங்கையிலும்தான் பறக்கிறது, கிரிம்சன் ரோஸ் பறக்கும் நிலமும் ஏறக்குறைய அதுதான். அதற்குக் கிழக்கே இதே பாலிட்டஸ் இனம் தென்கிழக்காசியா முழுக்க இருந்தும் அங்கே இந்த வேஷம் கிடையாது. பிலிப்பைன்ஸில் இருப்பதை ஆல்ஃபெனார் என்று தனி இனமாகப் பிரிப்பவர்களும் இருக்கிறார்கள், எங்கே கோடு போடுவது என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. நம் பக்கத்துத் துணையினத்துக்கு முழுப்பெயர் பாப்பிலியோ பாலிட்டஸ் ரோமுலஸ். கிராமர் ஒரு பெண் வடிவத்தைத் தனி இனம் என்று எண்ணி வைத்த பெயரை இன்றைக்கு ஆண்களும் சேர்த்தே சுமக்கின்றன.

இந்த இடத்தில்தான் எனக்குக் கவலை. வேஷத்துக்கு மதிப்பு இருக்க வேண்டும் என்றால் மூலம் அக்கம்பக்கத்தில் நிறையப் பறக்க வேண்டும். பறவை கசப்பை ருசிக்காமல் சிவப்புப் பொட்டுக்குப் பயப்படாது. கசப்பான பூச்சிகள் குறைந்து வேஷக்காரிகள் பெருகினால், பறவை கொத்திப் பார்த்து நல்ல ருசி என்று கற்றுக்கொள்ளும், அதற்குப் பிறகு அந்த உடுப்பே ஆபத்து. ஆக இந்தப் பூச்சியின் வாழ்வு இரண்டு செடிகளில் நிற்கிறது. ஒன்று அது தின்னும் நாரத்தைக் குடும்பம். இன்னொன்று அது தொடவே தொடாத ஈஸ்வரமூலிக்கொடி. வேலியில் ஏறும் அந்தக் கொடியை நம் தோட்டங்களில் களை என்று அறுத்து எறிகிறோம். வேலியே இல்லாமல் கம்பி கட்டிவிட்ட தோட்டங்களில் கொடி ஏற இடமும் இல்லை. கீழே சமவெளியில் கரிசலோரம் படரும் ஆடுதின்னாப்பாளைக்குக் களைக்கொல்லி அடிக்கிறார்கள். காப்பிக்கு அந்தக் கொடியால் ஒரு கெடுதலும் இல்லை. வேலி மூலையில் ஒரு கொடி இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடச்சொல்லித்தான் நான் பார்க்கிறவர்களிடம் எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு பக்கம் புழுவுக்கு அடிக்கிற மருந்து. கீழ்ப்பழனி ஒரு காலத்தில் கமலா ஆரஞ்சுக்குப் பேர்போன மலை. காப்பிக்கு ஊடே ஆரஞ்சு நின்ற தோட்டங்களில் இன்றைக்கு மொட்டையான மரங்கள்தான் மிச்சம். இலை மஞ்சளாகி, காய் சிறுத்து, கிளை கிளையாகக் காய்ந்துபோன கதைக்குள் கிரீனிங் நோய் இருக்கிறது. அதைப் பரப்புவது சில்லிட் என்ற எள்ளளவுப் பூச்சி, சாற்றை உறிஞ்சும்போது நோய்க் கிருமியையும் உள்ளே விட்டுவிடும். கண்ணில் எளிதில் படாது. கண்ணில் படுவது பச்சைப்புழுதான், அதனால் பழியெல்லாம் அதன் மேல். நாற்றங்காலில் புழுவை விடக்கூடாது, அது நியாயம். சின்னக் கன்றை இரண்டு புழு மொட்டையடித்துவிடும், கையால் பொறுக்கி எடுத்துவிடலாம். ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த மரத்துக்கு இந்தப் புழு தின்னும் தளிர் ஒரு பொருட்டே இல்லை. பொறுக்கிய புழுவை நசுக்காமல் கொல்லையில் நிற்கும் பெரிய நாரத்தையிலோ கறிவேப்பிலையிலோ விட்டுவிடலாம், இரண்டையும் அது தின்னும். பெரியம்மா இப்போது அப்படித்தான் செய்கிறார். ஒரு பழைய நாரத்தை மரத்தை அதற்கென்றே ஒதுக்கிவிட்டார்.

நீலகிரியில் பட்டாம்பூச்சிக் கணக்கெடுப்புக்குப் பழைய வரலாறு உண்டு. 1888இலேயே அங்கே தேயிலைத் தோட்டத் தொழிலில் இருந்த ஹாம்ப்சன் மாவட்டத்தின் பட்டாம்பூச்சிகளைப் பட்டியலிட்டு எழுதினார். அந்த மாதிரிப் பட்டியல்களில் இனத்தின் பெயர் இருக்கும், இடம் இருக்கும். எனக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும். மூன்று பெண் வடிவங்களில் எது எந்த உயரத்தில் அதிகம் என்று தெரிய வேண்டும். அடிவாரத்து வத்தலக்குண்டில் கிரிம்சன் ரோஸ் கூட்டம் கூட்டமாகப் பறக்கிறது. மேலே பெருமாள்மலை போனால் அவ்வளவு இருக்காது. மூலம் குறையும் இடத்தில் சைரஸ் பெண்கள் கூடுகிறார்களா? மலைச்சாலையின் ஒவ்வொரு வளைவிலும் பார்த்து எழுதினால் இதற்கு விடை கிடைக்கும், இதற்குப் பட்டமோ கருவியோ தேவையில்லை.

ஆகவே கீழ்ப்பழனியிலும் நீலகிரிச் சரிவில் கல்லாறு, பர்லியாறு பக்கமும் இருக்கிறவர்கள் பார்த்தால் எனக்கு எழுதுங்கள். தேதி, ஊர், உடம்பு கறுப்பா சிவப்பா, பின்னிறக்கையில் வெள்ளை வரிசையா, வெள்ளைத் திட்டா, சிவப்புப் பொட்டா. பக்கத்தில் கிரிம்சன் ரோஸ் பறந்ததா என்பதும் வேண்டும். முட்டையிடுவதைப் பார்க்கக் கிடைத்தால் எந்தச் செடியில் என்று கட்டாயம் சேர்த்து எழுதுங்கள். செடியின் பெயர் தெரியவில்லை என்றால் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்து, எலுமிச்சை வாசம் வந்ததா இல்லையா என்று குறித்தாலே எனக்குப் போதும்.